வண்டியை அணைத்த பிறகு

செஞ்சி
12.9.2024

அன்புள்ள அமலா அக்காவுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். நானும் வெரோனிகாவும் நலம். நைனாவும் சுகமாகத்தான் இருக்கிறார். உன் முழங்கால் வலி தேவலையா? மலைக் குளிர் அதற்கு ஆகாது என்று உன் தம்பி பெண்டாட்டி வெரோனிகா சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

கிறிஸ்துமஸுக்கு மட்டும் கடிதம் போடுகிறவன் செப்டம்பரில் எழுதுகிறானே என்று பயந்துவிடாதே. விஷயம் வண்டியைப் பற்றியது. நம் பழைய வெள்ளைக் காரில் ஒரு சத்தம் வருகிறது. ஓடும்போது வராது. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு இறங்கிக் கதவைச் சாத்தினால் முன்பக்கத்தில் 'உஸ்ஸ்' என்று ஆரம்பிக்கும். விசில் வருவதற்கு முன்னால் குக்கர் முனகுமே, அந்த மாதிரி. திருவண்ணாமலை ரோட்டில் இரண்டு மெக்கானிக்கிடம் காட்டினேன். ஒருவர் ஏசி கேஸ் என்றார். இன்னொருவர் எஞ்சினையே இறக்க வேண்டும் என்றார். நைனாவைக் கேட்டால், "சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்கிறார். அவருக்கு இப்போது காது ரொம்ப மந்தம். பஸ் ஹாரனே பாதிதான் விழுகிறது.

அவருடைய ஒர்க்ஷாப்பில் பத்து வருஷம் கை கறுக்க வேலை பார்த்தவள் நீ. ஆட்டோமொபைல் டிப்ளமோ வேறு. நானோ வல்லம் பள்ளிக்கூட லேபில் சோதனைக் குழாய் கழுவுகிறவன். எனக்கு பானட்டைத் திறக்கத் தெரியும், மூடத் தெரியும். உங்கள் மடத்தில் சாவுச் செய்திக்கு மட்டும்தான் போன் என்பதால் இந்தக் கடிதம். முடிந்தபோது பதில் போடு.

உன் செபத்தை நம்பியிருக்கும் தம்பி,
லாரன்ஸ்


கார்மேல் மடம்
3.10.2024

அன்புத் தம்பி லாரன்ஸுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன் வீட்டில் இருப்பதாக. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. முட்டி போடும் வேலை எனக்கு அதிகம், என்ன செய்வது.

வழக்கம்போல மதர்தான் உன் கடிதத்தை முதலில் படித்தார். "இதில் ஆன்மீகம் எங்கே இருக்கிறது சிஸ்டர்?" என்று கேட்டார். ரேடியேட்டருக்குள் இருக்கலாம் மதர் என்றேன். சிரித்துவிட்டுப் பதில் எழுத அனுமதி கொடுத்தார்.

ஏசி போட்டு ஓட்டிய வண்டியை அணைத்தால் அரை நிமிஷம் உஸ்ஸென்று கேஸ் அடங்கும். அது குற்றமில்லை. அதனால் ஒரு நாள் ஏசியே போடாமல் ஓட்டிப் பார். அப்போதும் சத்தம் வந்தால் கடிகாரத்தைப் பார்த்து எத்தனை நிமிஷம் என்று எழுது. எந்த இடத்திலிருந்து வருகிறது, அங்கே ஈரம் இருக்கிறதா, ஏதாவது வாசனை வருகிறதா? எவ்வளவு தூரம் ஓடிய பிறகு வருகிறது? மறுநாள் காலையில், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, ரேடியேட்டர் மூடியைக் கழற்றி அதன் ரப்பரைப் பார். சூட்டோடு தொட்டாயோ, முகம் வெந்துவிடும்.

நைனா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று இந்த முறை கேட்கப் போவதில்லை. மடத்துக்கு வந்த நாளிலிருந்து பதினோரு வருஷமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அன்புடன்,
அக்கா அமலோற்பவம்


செஞ்சி
24.10.2024

அன்புள்ள அக்கா,

தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம். மழை பிடித்துக்கொண்டது, நேற்று ஸ்கூல் லீவு.

ஏசி இல்லாமல் ஓட்டினேன். அப்போதும் வருகிறது. மூன்று நிமிஷம், சில நாள் நான்கு. ரேடியேட்டர் மூடிக்குப் பக்கத்திலிருந்துதான். மூடியைச் சுற்றி ஈரம் இருக்கிறது. வாசனை பற்றி என்னைக் கேட்காதே. கொரோனாவில் போன மோப்பம் எனக்குத் திரும்பவே இல்லை. நைனாவுக்குக் காது இல்லை, எனக்கு மூக்கு இல்லை, நல்ல குடும்பம் போ.

செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் வண்டியை எடுக்கிறேன். விழுப்புரம் போய் நிறுத்தினால் சத்தம் வரும். நாலு மணி நேரம் கழித்து எடுக்கும்போது எல்லாம் அமைதி. செஞ்சிக்குத் திரும்பி வந்து நிறுத்தினால் மறுபடியும் ஆரம்பிக்கும். மூடியைக் காலையில் கழற்றிப் பார்த்தேன். ரப்பர் பிஸ்கட் ஆகிவிட்டது, தொட்டால் உதிர்கிறது. ஸ்பிரிங்குக்கும் சோம்பல் பிடித்திருக்கிறது.

சோர்வாக இருக்கிறது அக்கா. வேறொன்றும் இல்லை.

லாரன்ஸ்


கார்மேல் மடம்
20.11.2024

அன்புத் தம்பி,

சமாதானம் உண்டாவதாக. முதலில் வண்டி.

அணைத்ததும் ஃபேனும் பம்பும் நின்றுவிடும். ஆனால் எஞ்சினுக்குள் இருக்கும் சூடு உடனே போகாது. ஆகவே அணைத்த பிறகுதான் தண்ணீர் அதிகமாகக் கொதிக்கும். அந்தத் தண்ணீர் மூடிக்குக் கீழே இருக்கும் மெல்லிய குழாய் வழியாகப் பக்கத்து பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போக வேண்டும். ஆறியதும் திரும்பி வர வேண்டும். டப்பாவில் பேனாவால் ஒரு கோடு போட்டுவை. ஓடிய பிறகு தண்ணீர் கோட்டுக்கு மேலே ஏறுகிறதா பார். ஏறவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறது. போக வழியில்லாத ஆவி, மூடியின் ஓரத்தில் சீறிக்கொண்டு வெளியேறுகிறது.

இனி உன்னிடம் இரண்டு கேள்வி. 'ரப்பர் பிஸ்கட் ஆகிவிட்டது', 'ஸ்பிரிங்குக்குச் சோம்பல்' என்பதெல்லாம் உன் வார்த்தை இல்லை. அவை யாருடையவை என்று எனக்குத் தெரியும். என் கடிதத்தை அவரிடம் காட்டுகிறாயா? இன்னொன்று, வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் விழுப்புரத்தில் உனக்கு என்ன வேலை? எங்கள் மடத்தில் ஒரு வயதான சிஸ்டரும் அதே கணக்கில் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார், ரத்தம் சுத்திகரிக்க. எனக்கு மறைக்காதே.

டிசம்பர் முதல் தேதி திருவருகைக் காலம் தொடங்குகிறது. அதிலும் தவக்காலத்திலும் எங்களுக்குக் கடிதப் போக்குவரத்து கிடையாது. கிறிஸ்துமஸ் முடிந்துதான் உன் பதிலைப் பார்ப்பேன்.

அமலா


செஞ்சி
28.12.2024

அன்புள்ள அக்கா,

தோத்திரம். பாலன் பிறப்புத் திருநாள் வாழ்த்து. கேக்கை நைனாவுக்கு ஒரு விரல் அகலம்தான் கொடுத்தோம்.

நீ நினைத்தது சரி. பிப்ரவரியிலிருந்து டயாலிசிஸ். இரண்டு கிட்னியும் போய்விட்டது. "அவகிட்ட சொல்லாத. விட்டுட்டுப் போனவளுக்கு இதெல்லாம் இன்னாத்துக்கு" என்றார். அதனால்தான் சுகம் சுகம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள்.

செவ்வாய், வெள்ளி காலை ஆறரைக்குக் கிளம்புவோம். அவரை உள்ளே விட்டுவிட்டு நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். திரும்பும்போது அவர் கண்ணை மூடிச் சாய்ந்துவிடுவார். லீவு எல்லாம் தீர்ந்து, ஹெட்மாஸ்டர் கண்டும் காணாமல் விடுவதில் என் பிழைப்பு ஓடுகிறது. அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் எனக்கு ஒரே யோசனை. ஒரு நாள் வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வேன்?

உன் கடிதத்தை மேஜை மேல் வைத்துவிட்டு ஸ்கூலுக்குப் போவேன். திரும்பி வந்தால் வேறு மடிப்பில் மடித்திருக்கும். அப்புறம் அவராகவே, "அந்த ரப்பர் பிஸ்கட் ஆயிட்டிருக்கும் பாரு" என்பார். உன் பெயரை மட்டும் சொல்லமாட்டார்.

டப்பாவில் கோடு போட்டேன். தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

லாரன்ஸ்


கார்மேல் மடம்
8.1.2025

அன்புத் தம்பி,

புத்தாண்டு ஆசீர். உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோயிலில் போய் உட்கார்ந்தேன். செபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. நீ தனியாக இத்தனை மாதம் சுமந்திருக்கிறாய், நான் உன்னிடம் வாசனை கேட்டுக்கொண்டிருந்தேன்.

குழாய் அடைப்புதான். புது மூடி வாங்கு. மெல்லிய குழாயைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய். பிறகு ரேடியேட்டர் முழுவதையும் கழுவ வேண்டும். அடி குழாயைக் கழற்றி, மேலே தண்ணீர்க் குழாயை வைத்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை விடு. இனி கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதே, கூலண்ட் ஊற்று.

ஆனால் வேலையைத் தொடங்கும் முன்னால் இந்தக் கடிதத்தை நைனா காதில் விழும்படி சத்தமாகப் படி. அந்த வண்டியை அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. அவர் வேண்டாம் என்றால் தொடாதே.

அவர் உடம்புக்காக தினமும் ஐம்பத்து மூன்று மணி உருட்டிச் செபமாலை சொல்கிறேன். அதையும் சத்தமாகப் படி.

அமலா


செஞ்சி
24.2.2025

அன்புள்ள அக்கா,

தோத்திரம். பிராக்டிகல் பரீட்சை வேலையில் ஒரு மாதம் ஓடிவிட்டது. நேற்று ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் ஆரம்பித்தேன்.

உன் கடிதத்தைக் கத்திப் படித்தேன். எதிர் வீட்டுத் தைலம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நைனா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கழுவட்டுமா என்றேன். செய் என்று கையைக் காட்டினார். நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேடியேட்டரிலிருந்து சேறு மாதிரி வந்தது, நல்ல மஞ்சள் நிறம். துரு இவ்வளவு மஞ்சளாக இருக்குமா? ஒன்றரை மணி நேரம் கழுவினேன். சாயங்காலம் வல்லம் வரை ஓட்டிவிட்டு வந்து அணைத்தேன். சத்தமே இல்லை அக்கா! ஐந்து நிமிஷம் பானட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். வெரோனிகா சிரித்தாள். இந்த வீட்டில் யாராவது சிரித்து வெகு நாளாகிறது.

உன் கைக்கு முத்தம்,
லாரன்ஸ்


கார்மேல் மடம்
3.3.2025

லாரன்ஸ்,

இதை அவசரமாக எழுதுகிறேன். துரு செங்கல் நிறத்தில் இருக்கும், மஞ்சளாக இருக்காது. நீ பார்த்தது மஞ்சள் தூள். ரேடியேட்டர் வழியில் ஒழுகினால் டிரைவர்கள் மஞ்சளைக் கொட்டுவார்கள். அது ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். மிச்சம் மெல்லிய குழாயையும் அடைத்துவிடும். உன் வண்டியில் யாரோ போட்டிருக்கிறார்கள். நீ கழுவியதில் அடைப்பு போயிருக்கும், ஓட்டையும் திறந்திருக்கும். ரேடியேட்டரை மாற்றும்வரை விழுப்புரம் ரோட்டில் எடுக்காதே. வாடகைக் காரில் கூட்டிப் போ.

போன் செய்ய அனுமதி கேட்கலாம் என்று மதர் அறை வாசல் வரை போனேன். பழைய ரேடியேட்டருக்காக மடத்து ஒழுங்கை உடைப்பதா என்று திரும்பிவிட்டேன். இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நாளை மறுநாள் சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். இனி உயிர்ப்புத் திருநாள் வரை நீ எழுதுவது மதரின் மேஜையில்தான் இருக்கும்.

அமலா


செஞ்சி
12.3.2025

அன்புள்ள அக்கா,

தோத்திரம். நீ இதை ஈஸ்டருக்குத்தான் படிப்பாய் என்று தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் கடிதம் எட்டாம் தேதி வந்தது. நான்காம் தேதி செவ்வாய்க்கிழமையே மண்டகப்பட்டுத் திருப்பத்தில் வண்டி நின்றுவிட்டது. சூட்டு முள் மேலே ஏறியதைப் பார்த்து அணைத்தேன். கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோ கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "வேணாம்டா. ஒரு நாள் போவலன்னா ஒண்ணும் ஆயிடாது. வூட்டுக்குப் போலாம் வா" என்றார். நான் கட்டாயப்படுத்தியிருக்க வேண்டும். எனக்கும் களைப்பாக இருந்தது அக்கா. அந்த நாலு மணி நேர நாற்காலி இன்றைக்கு வேண்டாம் என்று இருந்தது. சரி என்றுவிட்டேன்.

வியாழக்கிழமை மூச்சு விட முடியவில்லை. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. மூன்று நாள் தீவிர சிகிச்சையில் இருந்தார். இப்போது வீட்டில் இருக்கிறார், எழுந்து உட்காருகிறார். உங்கள் மடத்து நம்பரை இரண்டு முறை போட்டு, அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். சாவுச் செய்திக்கு மட்டும்தானே.

மஞ்சள் யார் போட்டது என்று நைனாவைக் கேட்டேன். காது கேட்காதவர் போல இருந்துவிட்டார்.

லாரன்ஸ்


செஞ்சி
25.3.2025

மகள் அமலோற்பவத்துக்கு நைனா பால்சாமி எழுதுவது,

சேசுவுக்குத் தோத்திரம். நான் இருக்கிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மஞ்சள் போட்டது நான்தான். போன ஜூனில் லாரன்ஸுக்கு ஸ்கூலில் வேலை என்று, நம் ஒர்க்ஷாப்பில் இருந்த அரிகிருஷ்ணனை வண்டி ஓட்டக் கூட்டிப்போனேன். வழியில் ரேடியேட்டர் ஒழுகியது. பெட்டிக்கடையில் மஞ்சள் தூள் வாங்கி என் கையால் கொட்டினேன். உனக்குப் பதினெட்டு வயதில் ஒரு லாரிக்கு நீ மஞ்சள் போட்டாய். ஒரு நாள் முழுக்க உன்னைத் திட்டினேன். அதனால் வெட்கப்பட்டு லாரன்ஸிடம் சொல்லவில்லை.

அது சின்ன விஷயம். பெரிய விஷயத்துக்கு வருகிறேன். கழுவினால் ஓட்டை திறக்கும் என்று அவன் உன் கடிதத்தைப் படிக்கும்போதே எனக்குத் தெரியும். இரண்டு நடையோ மூன்று நடையோ தாங்கும், அப்புறம் நிற்கும். தெரிந்துதான் செய் என்று கையைக் காட்டினேன். எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. வாரம் இரண்டு நாள் ஊசி, ஒரு டம்ளர் தண்ணீருக்கு அளவு, திரும்பி வந்தால் ஒரு நாள் படுக்கை. அவனைப் பார்த்தால் என்னைவிடக் கிழவனாகத் தெரிகிறான். நான் வரவில்லை என்று சொன்னால் அழுவான். வண்டியே நின்றுவிட்டால் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். மண்டகப்பட்டில் நின்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லப் போனேன். நாக்கு எழவில்லை. உனக்கு எழுதுகிறேன். லாரன்ஸுக்குச் சொல்லாதே.

நைனா


கார்மேல் மடம்
21.4.2025

அன்புள்ள நைனாவுக்கு,

உயிர்த்த ஆண்டவருடைய சமாதானம் உங்களோடு இருப்பதாக. லாரன்ஸ் கடிதமும் உங்கள் கடிதமும் நேற்றுப் பூசைக்குப் பிறகு ஒன்றாகக் கைக்கு வந்தன. தேதிகளைப் பார்த்தேன். இதை எழுதும்போது நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. போன் வரவில்லை, ஆகவே இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பதினோரு வருஷம் கழித்து உங்கள் எழுத்தைப் பார்த்த சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்கக்கூட விடவில்லை நீங்கள். எனக்குக் கோபம் வருகிறது நைனா. மதர் இதைப் படிப்பார், படிக்கட்டும். நான் எழுதிய வார்த்தையை வைத்து உங்கள் உயிரை எடுத்துக்கொள்ளப் பார்த்தீர்கள். லாரன்ஸ் கையால் கழுவ வைத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தீர்கள். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவன் காலம் முழுக்க அந்த மஞ்சள் சேற்றையே நினைத்துக்கொண்டிருப்பான்.

நான் வீட்டை விட்டு வரும்போது, உங்கள் முகத்துக்கு நேராக நின்று, போகிறேன் நைனா என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் அறைவீர்கள் என்று தெரிந்தும் சொன்னேன். அறைந்தீர்கள். இருந்தாலும் சொல்லாமல் வரவில்லை. நீங்களும் சொல்லுங்கள். போதும் என்று உங்களுக்குத் தோன்றுவதை நான் குறை சொல்லவில்லை, அந்த ஊசி உங்கள் கையில்தான் இறங்குகிறது. போவதோ நிறுத்துவதோ, லாரன்ஸ் முகத்தைப் பார்த்து உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அவன் அழுதால் அழட்டும். அழுகிறவனைப் பார்ப்பதும் நைனாவின் வேலைதான்.

நான் அவனுக்கு எழுதமாட்டேன். எனக்கு நீங்கள் வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமும் வேண்டும் என்றுதான் இருந்தது.

உங்கள் மகள்,
அமலா


6.5.2025, செவ்வாய்

அன்புள்ள அக்கா,

தோத்திரம். வெரோனிகாவுக்கு ஜலதோஷம், மற்றபடி சுகம். புது ரேடியேட்டர் போட்டாயிற்று. அணைத்தால் சத்தம் இல்லை, ஈரமும் இல்லை.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து நைனா சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். மஞ்சளில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். "தெரிஞ்சேதான்டா உன்ன கழுவச் சொன்னேன்" என்றார். நான் அழவில்லை அக்கா, கத்தினேன். "உனுக்கு டிரைவர் வேல பாக்கவா நான் பொறந்தேன்? போவ வேணாம்னா ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா நைனா?" என்று கேட்டேன். அவருக்கு அன்றைக்கு எல்லாம் நன்றாகக் கேட்டது. அப்புறம் நானும் சொன்னேன், மண்டகப்பட்டில் அவர் வீட்டுக்குப் போகலாம் என்றபோது எனக்கும் நிம்மதியாக இருந்தது என்று. அவர் என் தலையில் கையை வைத்தார்.

இன்றைக்குக் காலை ஆறு மணிக்கு வண்டியைத் துடைத்துவிட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்தேன். நான் கிளப்பமாட்டேன், நீங்களே சொல்லுங்கள் என்றேன். போகவில்லை என்றாலும் சண்டை போடமாட்டேன் என்றேன். அவர் சாவியை வைத்துக்கொண்டு ஒரு காபி குடிக்கும் நேரம் உட்கார்ந்திருந்தார். வெரோனிகா சமையல்கட்டில் பாத்திரத்தைத் தொடாமல் நின்றாள்.

"இன்னைக்குப் போலாம்" என்று சாவியை நீட்டினார். "வெள்ளிக்கெழம நீயா வண்டிய எடுக்காத. என்னக் கேளு. ஒவ்வொரு தபாவும் கேளு."

கேட்கிறேன் என்றேன். இதை விழுப்புரத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது.

உன் தம்பி,
லாரன்ஸ்